அடித்த கையை அழித்துவிடாதீர்கள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் வீட்டு அறையிலேயே பீட் போட்டுப் பாட்டுப் பண்ணும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் பலர் எனக்குப் பாட்டு அனுப்புகிறீர்கள். மிக்ஸ் பண்ணித் தரச் சொல்லிச் சிலர், “அண்ணா, கேட்டுட்டு சொல்லுங்க” என்று சிலர். ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடச் சந்தோஷமான தொந்தரவு கிடையாது. ஆனால் சமீப காலமாக ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்தத் திறந்த மடல்.

டிரம்ஸ் வாங்கக் காசில்லை. வாங்கினாலும் ஃப்ளாட்டில் வைத்து வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ஆகவே கை தட்டி, தொடையில் அடித்து, நெஞ்சில் தட்டி, காலால் தரையை மிதித்து ஒரு தாளத்தைப் பதிவு செய்கிறீர்கள். அதை மென்பொருளிடம் கொடுத்து, ஒவ்வோர் அடி விழும் இடத்திலும் ஒரு கிக்கோ ஸ்னேரோ ஒலிக்கும்படி ட்ரிகர் செய்கிறீர்கள். இதுவரை எல்லாம் அருமை. அடுத்து, எல்லா அடிகளையும் மென்பொருளின் சம இடைவெளிக் கோடுகளான கிரிட்டில் கொண்டுபோய் ஒட்டி, நீங்களே அடித்த ட்ராக்கை டெலீட் செய்துவிட்டு அனுப்புகிறீர்கள். என் கையில் வந்து சேர்வது பெர்லினிலோ லாகோஸிலோ யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய ஒரு பீட். உங்கள் உடம்பிலிருந்து வந்த பாட்டில் உங்கள் உடம்பு மட்டும் இல்லை.

ட்ரிகர் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது நல்ல வேலையாள். அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அறிந்து வேலை வாங்குங்கள். வேலை முடிந்ததும் மூலப் பதிவைத் தூக்கி எறியாதீர்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன், எப்படி என்ற விளக்கம்.

ட்ரிகர் பாட்டுக் கேட்பதில்லை. ஒலியின் அளவை மட்டும் கண்காணிக்கிறது. நீங்கள் வைத்த த்ரெஷோல்டைத் தாண்டி அளவு சட்டென்று ஏறினால், ‘இங்கே ஓர் அடி’ என்று குறித்துக்கொண்டு ஒரு மிடி நோட்டை அனுப்புகிறது. எவ்வளவு பலமாக விழுந்தது என்பதற்கு 1 முதல் 127 வரை ஒரு வெலாசிட்டி எண் போடுகிறது. அந்த நோட்டில் நீங்கள் மாட்டியிருக்கும் சாம்பிள் ஒலிக்கிறது. ஓர் அடியை இரண்டாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அடி விழுந்த கையோடு சிறிது நேரம் எதையும் கவனிக்காமல் இருந்துவிடுகிறது. ரீட்ரிகர் என்று போட்டிருக்கும் குமிழ் அந்த நேரத்தைத்தான் தீர்மானிக்கிறது. இதைத் தாண்டி அதற்கு மூளை கிடையாது.

அந்த ரீட்ரிகர் குமிழை யாரும் தொடுவதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். டெம்போ 90 என்றால் ஒரு பீட்டுக்கு 667 மில்லி செகண்ட். ஒரு பீட்டில் நான்கு அடி அடித்தால் அடிக்கு அடி 167. அதையே இரட்டித்து எட்டு அடி அடித்தால் 83. ரீட்ரிகர் 100-இல் நின்றால், நீங்கள் தொடையில் அவ்வளவு பாடுபட்டு அடித்த வேகமான உருட்டில் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போகும். “சாஃப்ட்வேர் சரியா பிடிக்க மாட்டேங்குதுண்ணா” என்று நீங்கள் சொல்வதில் பாதி இந்தக் குமிழின் வேலை.

இந்த வித்தை புதிதும் அல்ல. ஸ்டீலி டான் குழுவின் ‘காச்சோ’ ஆல்பத்துக்கு (1980) ஒலிப்பதிவாளர் ரோஜர் நிக்கல்ஸ் ‘வென்டல்’ என்ற கருவியைத் தாமே கட்டி, டிரம் ஒலிகளை அதில் ஏற்றி வாசிக்க வைத்தார். அன்றைக்கு அதற்கு ஒரு பெரிய ஸ்டூடியோவும் பெரிய பணமும் வேண்டியிருந்தது. 2009-இல் லாஜிக் மென்பொருளில் டிரம்ஸை மாற்றும் வசதி மெனுவிலேயே வந்துவிட்டது. 2013-இல் ஏபிள்டன் லைவின் ஒன்பதாம் பதிப்பு, தாளப் பதிவு ஒன்றைக் கிக், ஸ்னேர், ஹைஹேட் என்று தானே பிரித்து மிடியாக்கிக் கொடுத்தது. கியூபேஸில் ஹிட்பாயின்ட் வைத்து இதையே செய்கிறோம். ஆனால் ஒன்று: தானே பிரிக்கும் வசதிகள் டிரம் செட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் நெஞ்சடியை ஸ்னேர் என்றும், தொடையடியை ஹைஹேட் என்றும் அவை முடிவுகட்டினால் அதிசயம் இல்லை.

ட்ரிகருக்கு என்ன கேட்காது என்பதற்கு நம் ஊர்ச் சோதனை ஒன்று இருக்கிறது. மைக் முன்னால் உட்கார்ந்து ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எண்ணிக்கை எட்டு. ட்ரிகர் எத்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று: ஒன்று, ஐந்து, ஏழு. விரல் தொடுவதும் கை திரும்புவதும் த்ரெஷோல்டை எட்டவே இல்லை. பாடுகிறவருக்கோ அந்த மீதி ஐந்தும் அடிக்குச் சமம். சங்கதியை எங்கே முடிப்பது, எடுப்புக்கு எப்போது வருவது என்று அவரை நிறுத்திவைப்பதே அந்தச் சத்தமில்லாத விரல்கள்தான். சரி என்று த்ரெஷோல்டைக் கீழே இறக்கினால் விரலோடு சேர்ந்து ஃபேன் காற்றும், சட்டை உரசலும், தெருவில் போகும் ஆட்டோவும் அடியாகிவிடும். அடிக்கும் அடிக்கும் நடுவே உடம்பு செய்வதையெல்லாம் மென்பொருள் வெறும் இடைவெளி என்றே எடுத்துக்கொள்ளும். அதையும் சேர்த்து வைத்திருப்பது உங்கள் மூலப் பதிவு ஒன்றுதான்.

அடுத்து உடம்பு. கையில் இருக்கும் வாத்தியத்தைத் தெரிந்துகொள்ளாமல் மைக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் உங்களில் உண்டு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால்தான் அந்த ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர். நெஞ்சு நோய் மருத்துவர்களுக்குத் தட்டிப் பார்ப்பது பாலபாடம். நெஞ்சில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் அதன் மேல் தட்டிக் காதால் கேட்பார்கள். நெஞ்சைத் தட்டி நோயறியும் முறையை 1761-இல் வியன்னாவில் புத்தகமாக வெளியிட்டவர் ஆவன்புருகர் என்ற மருத்துவர்.  காற்று நிறைந்த நுரையீரலின் மேல் தட்டினால் முழங்கும். வலது விலாவின் கீழே, கல்லீரலுக்கு மேல் தட்டினால் மந்தமாகக் கேட்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தாலும் மந்தம்தான்.

பீட் போடுகிறவருக்கும் இந்தப் பாடம் உதவும். கிக் போல ஆழமான ஒலி வேண்டுமா? காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு தட்டுங்கள். டம்மென்று அடங்கிய ஒலி வேண்டுமானால் வலது விலாவின் கீழ்ப்பகுதிக்கு இறங்குங்கள். பலம் வேண்டாம். பலத்துக்கு மைக்கை நெருக்கமாக வையுங்கள், கெய்னைக் கூட்டுங்கள். நெஞ்சைச் சிவக்க அடித்துக்கொண்டு வீடியோ போடுவது வீரமல்ல. மார்பில் பலமான அடி ஆபத்தும்கூட.

கைத்தட்டலை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். புரூனோ ரெப் என்பவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், தட்டும்போது இரண்டு உள்ளங்கைகளும் எப்படிச் சேர்கின்றன என்பதே ஒலியின் நிறத்தை முக்கியமாகத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். தட்டையான விரல்கள் உள்ளங்கையில் விழுந்தால் கூர்மை. இரு கைகளையும் குவித்துத் தட்டினால் கனம். 2025-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் காரணத்தைச் சோதித்து உறுதிசெய்தார்கள். குவிந்த கைகளுக்குள் அகப்பட்ட காற்று, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகப் பீறிட்டு அதிர்கிறது. உள்ளே இடம் பெரிதானால் சுருதி இறங்குகிறது. வாய் குறுகிய பானைக்குள் காற்று அதிர்வதும் இதே இயற்பியல். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் விக்கு விநாயக்ராம் அந்த முழக்கத்தைக் கூட்டிக் குறைத்ததை, ‘சக்தி’ குழுவின் பதிவுகளில் உலகமே கேட்டது. அந்தக் கடம் உங்கள் இரண்டு கைகளுக்குள்ளேயே இருக்கிறது. பிளக்இன்னில் பிட்ச் குமிழைத் திருகுவதற்கு முன்னால் கையைக் குவித்தும் விரித்தும் பாருங்கள்.

தொடைக்கு வந்தால், துணிதான் எல்லாம். ஜீன்ஸ் மேல் அடித்தால் மேல்நாதம் அடங்கிவிடும். லுங்கி மேல் அடித்தால் துணி உரசும் சத்தம் ஒரு பிரஷ் போலக் கூடவே வரும். வெறும் தொடை என்றால் பளாரென்று அறையும். சித்திரை வெயிலில் கை வியர்த்தால் தட்டலின் கூர்மை மாறிவிடும். ஒரே பாட்டின் பாதியைக் காலையிலும் மீதியை மத்தியானத்திலும் எடுத்தால் ஒட்டாது. கால் மிதிக்குத் தரைதான் பாதி வாத்தியம். ஃப்ளாட்டின் டைல்ஸ் தரை வெறுமனே ‘டப்’ என்று செத்துப்போகும். ஒரு பழைய ப்ளைவுட் பலகையை இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தி அதில் மிதியுங்கள். குயீன் குழு 1977-இல் ‘வீ வில் ராக் யூ’ பாட்டை லண்டனின் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் பதிவு செய்தபோது டிரம்ஸைத் தொடவில்லை. பலகைகளின் மேல் மிதித்து, கை தட்டி, அதையே பலமுறை அடுக்கினார்கள். குழுவில் இருந்த, இயற்பியல் படித்த பிரயன் மே ஒவ்வோர் அடுக்கையும் சற்றே வெவ்வேறு அளவு தாமதப்படுத்தி, சில பேரின் தட்டலை ஒரு மைதானக் கூட்டமாக்கினார். நம் பக்கத்தில் ‘திருடா திருடா’வின் (1993) ‘ராசாத்தி’ பாட்டைக் கேளுங்கள். வாத்தியங்களை ஓரம்கட்டிவிட்டுக் குரல்களை வைத்தே ரஹ்மான் அதைக் கட்டியிருக்கிறார். மும்பையில் தாளக் கலைஞர் தௌஃபிக் குரேஷி மேடைக் கச்சேரிகளில் உடம்பையும் தட்டித் தாளம் போடுகிறார். வழி உங்களுக்கு முன்னாலேயே போடப்பட்டிருக்கிறது.

பதிவுக்கு நம் வட்டாரம் லேசான இடம் அல்ல. பல்லாவரத்தில் இருப்பவருக்குத் தலைக்கு மேல் விமானம், ஜிஎஸ்டி ரோட்டோரம் இருப்பவருக்கு ஹாரன், மார்கழியில் ஒரு பக்கம் கோயில் மைக், தையில் ஒரு பக்கம் கல்யாண மண்டபம். ஃபேனை நிறுத்தினால் வியர்க்கிறது, ஓடவிட்டால் ‘விர்ர்’. இதற்கெல்லாம் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. துணி நிறைந்த பீரோவின் கதவுகளைத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று தட்டுங்கள். அறை எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். எதிரொலி வேண்டுமென்றால் ஃப்ளாட்டின் மாடிப்படிக்குப் போங்கள், மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரமாகப் பார்த்து. விமானம் போன டேக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ட்ரிகருக்கு முன்னால் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால், அது அந்த உறுமலைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. மூலப் பதிவில் உறுமல் அப்படியே இருக்கட்டும்.

ஒரே மைக்கில் நெஞ்சு, தொடை, கை மூன்றையும் அடித்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். அந்த ட்ராக்கை மூன்றாக நகல் எடுங்கள். முதல் நகலில் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டுங்கள், அது நெஞ்சுக்கு. இரண்டாவதில் நடுப்பகுதியை மட்டும் விடுங்கள், அது தொடைக்கு. மூன்றாவதில் ஓராயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எடுத்துவிடுங்கள், அது கைத்தட்டலுக்கு. ஒவ்வொன்றிலும் தனி ட்ரிகர், தனி த்ரெஷோல்ட். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், காதை நம்புங்கள். இந்த மூன்று நகல்களும் ட்ரிகரின் காதுக்கு மட்டும்தான். மிக்ஸில் அவற்றின் சத்தத்தை அணைத்துவிட்டு, வெட்டாத மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் நேரடியாக ட்ரிகர் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லேட்டன்சி என்றதும் பயப்படாதீர்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபரை 128 வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் ஆகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்க முடிந்தவருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ப்ளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம். அதில் தாமதம் நூறு மில்லி செகண்டுக்கு மேல் போவது சாதாரணம். இன்னொன்று: ஸ்பீக்கரில் வரும் கிக் மறுபடி மைக்குக்குள் புகுந்து இன்னொரு கிக்கைக் கிளப்பும், அது இன்னொன்றை. ஒரு பீசோ தட்டை வாங்கி, நீங்கள் மிதிக்கும் பலகையின் அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். அதற்குப் பலகையின் அதிர்வு நன்றாகவும் ஸ்பீக்கர் சத்தம் கொஞ்சமாகவும் கேட்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கிற சாமான் அது.

இனி, நான் சண்டை போட நினைக்கும் விஷயம்: அடிகளைக் கிரிட்டில் ஒட்டும் குவான்டைஸ்.

நன்றாக வாசிக்கிறவர் கையும் கிரிட்டில் விழாது. ஒரு நடையில் இரண்டாம் அடி துளி முந்தும், நான்காம் அடி துளி பிந்தும், பல்லவி திரும்பும்போது எல்லாமே லேசாக இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அப்படி நடந்தால் அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? அது அவருடைய நடை. நூறு சதவீதம் குவான்டைஸ் கொடுத்த நொடியில் அது போய்விடுகிறது. அதற்குப் பதிலாக வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். க்ளிக் இல்லாமல் அடியுங்கள். ட்ரிகர் எடுத்துத் தந்த அடிகளை வைத்து டெம்போ மேப் போடுங்கள். லாஜிக், கியூபேஸ், ஏபிள்டன் மூன்றிலுமே பதிவின் பின்னால் டெம்போவை ஓடவைக்கும் வசதி இருக்கிறது. பிறகு பேஸ், கீபோர்டு எல்லாம் உங்கள் கை போட்ட கோட்டில் வந்து சேரட்டும். கிரிட்டை உடம்புக்கு இழுங்கள். உடம்பைக் கிரிட்டுக்கு இழுக்காதீர்கள். ஏபிள்டனில் உங்கள் பதிவிலிருந்து க்ரூவைப் பிரித்தெடுத்துச் சேமித்துவைத்தால், அடுத்த பாட்டின் மிடி டிரம்ஸுக்கும் உங்கள் நடையையே போடலாம். காசு கொடுத்து வாங்கும் க்ரூவ் பேக் எதுவும் இதற்கு ஈடாகாது.

மிக்ஸில் மூலத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். ஆழத்தைச் சாம்பிளிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடி தொடங்கும் அந்த முதல் நொறுங்கலையும் அறையின் காற்றையும் உடம்பிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் ஓரிரு மில்லி செகண்ட் பிந்தித் தொடங்கினால், நெஞ்சடியும் கிக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடிச்சத்தம் மெலிந்துபோகும். அலை வடிவங்களைப் பெரிதாக்கிப் பார்த்துச் சாம்பிளை நகர்த்துங்கள். அல்லது போலாரிட்டியைத் திருப்பிப் போட்டு, எது கனமாகக் கேட்கிறதோ அதை வையுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல்தான் பலர் “மூலத்தை வெச்சா சவுண்டு டல்லாகுதுண்ணா” என்று அதை அழிக்கிறீர்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். மாட்டும் சாம்பிளே உங்கள் உடம்பாக இருக்கட்டும். மெல்ல, நடுத்தரம், பலம் என்று மூன்று அளவில், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுத் தட்டல்கள் எடுத்து, வெலாசிட்டிக்கு ஏற்பவும் முறைவைத்தும் ஒலிக்கும்படி சாம்ப்ளரில் அடுக்குங்கள். ஒரே தட்டல் அச்சடித்தாற்போல் திரும்பத் திரும்ப வருவதால்தான் மெஷின் கன் போலக் கேட்கிறது. வலது தொடையும் இடது தொடையும் ஒரே ஒலி தராது. இரண்டையும் தனித்தனியே எடுங்கள்.

நீங்கள் தேடித்தேடி இறக்கும் அந்தப் பிரபலமான 808 கிளாப் இருக்கிறதே, அது யாருடைய கையும் அல்ல. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 கருவியில் கைத்தட்டல் பதிவு எதுவும் கிடையாது. வெறும் இரைச்சலை வடிகட்டி, கண் இமைப்பதற்குள் சில முறை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்து, பின்னால் ஒரு வாலை ஒட்டினார்கள். பல பேர் தட்டும்போது யாரும் சரியாக ஒரே நேரத்தில் தட்ட மாட்டார்கள் என்ற உண்மையை மின்சுற்றில் வரைந்த கெட்டிக்காரத்தனம் அது. அதே ஆண்டு ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1, நிஜக் கைத்தட்டலின் பதிவைச் சுமந்து வந்தது. 1991-இல் ஜெனரல் மிடி தரம் வந்தபோது கைத்தட்டலுக்கு 39 என்று நிரந்தர நோட்டு எண்ணே கொடுத்துவிட்டார்கள். இயந்திரங்களும் தரங்களும் இவ்வளவு காலம் மெனக்கெட்டு நகலெடுக்க முயன்ற பொருளின் அசல் உங்கள் தோளில் தொங்குகிறது. அசலை அழித்துவிட்டு நகலை ஒட்டுவது என்ன நியாயம்?

இதுவரை சொன்னது உங்கள் கையைப் பற்றி. அடுத்தவர் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு இன்னும் முக்கியம்.

பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும்போது அத்தைகளும் பெரியம்மாக்களும் கும்மி அடிப்பதை போனில் பதிவு செய்து கொண்டுவருகிறீர்கள். நல்ல காரியம். தொழில் யோசனை ஒன்று: வட்டத்துக்கு வெளியே நின்று எடுக்காதீர்கள். ஆறு மீட்டர் அகல வட்டத்தில் அருகே இருப்பவரின் தட்டலுக்கும் எதிர்ப்பக்கத்தவரின் தட்டலுக்கும் 17 மில்லி செகண்ட் வித்தியாசம் வந்துவிடும். அனுமதி கேட்டு நடுவில் மைக்கை வையுங்கள். எல்லோர் கையும் ஒரே தூரத்தில் இருக்கும். அப்போது கேட்கும் சின்னச் சின்ன முன்பின் அவர்களுடையது, உங்கள் மைக் உண்டாக்கியது அல்ல.

பதிவு செய்ததும் அவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ‘கும்மி லூப் இறுதி’ என்று கோப்புக்குப் பெயர் வைத்து நண்பர்களுக்குப் பகிர்ந்தால், ஆறு மாதத்தில் அது யார் கை என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் பெட்டிச் சுவரைத் தட்டிக் கானா பாடுகிறவரைப் பதிவு செய்தாலும் இதேதான். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறியபோது, கானாக்காரர்கள் பெயரோடும் முகத்தோடும் நின்றார்கள். அதே கலையை முகமில்லாத லூப்பாக்கி நாம் திருப்பி அனுப்பக் கூடாது.

சாம்பிள் உலகத்துக்கு இதில் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த சில நொடி டிரம்ஸை ஆயிரக்கணக்கான பாட்டுகள் வெட்டி ஒட்டிக்கொண்டன. ஒரு காசு அவர் கைக்குப் போகவில்லை. 2006-இல் வீடற்றவராக இறந்தார். இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் முரசடித்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே முரசுக்குத் தடை போட்டுச் சட்டம் வந்தது. அந்த மக்கள் தொடையிலும் நெஞ்சிலும் தட்டி வளர்த்த கலைதான் ஜூபா. வாத்தியத்தைப் பறிக்கலாம், உடம்பைப் பறிக்க முடியாது என்று அவர்கள் காட்டினார்கள். பறை அடித்தவர்களை ஊரின் ஓரத்தில் வைத்த மண்ணில் இருந்துகொண்டு நாம் இதைப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. யார் கை என்பதை அழிப்பது வெறும் தொழில்நுட்ப விஷயம் அல்ல.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் கொண்டுவந்த திருத்தம் நிகழ்த்துகிறவருக்கு உரிமை கொடுத்தது. பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நிகழ்த்துகிற வேறு எவரும் என்ற சொற்களும் உண்டு. கும்மியடிக்கும் உங்கள் பெரியம்மாவை அதிலிருந்து யாரும் வெளியே தள்ள முடியாது. 2012 திருத்தம், தம் பெயரால் அடையாளப்படுத்தப்படும் உரிமையையும் நிகழ்த்துகிறவருக்குச் சேர்த்துக் கொடுத்தது. ஆகவே பெயர் போடுவதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியது. பாட்டில் காசு வந்தால் பங்கும் கொடுங்கள்.

கடைசியாக, உங்களிடம் கேட்பது மூன்று.

ஒன்று, அடுத்த பாட்டில் மூல ட்ராக்கை அழிக்காமல் அனுப்புங்கள். மிக்ஸில் அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சரி, இருக்கட்டும்.

இரண்டு, குவான்டைஸ் செய்யாத ஒரு வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்ட பிறகும் கிரிட் வடிவம்தான் நன்றாக இருக்கிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்; நான் வாயே திறக்க மாட்டேன்.

மூன்று, ஆளுக்குப் பத்துத் தட்டல் கொடுங்கள். தாம்பரம் லைனில் இருக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுச் சாம்பிள் தொகுப்பு போடுவோம். கோப்பின் பெயரில் மூன்று விஷயம் கட்டாயம்: தட்டியவர் பெயர், உடம்பின் எந்த இடம், எந்த ஊர். அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர் பாட்டின் விவரத்தில் அந்தப் பெயரைப் போட வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. நெஞ்சடி, தொடையடி, சொடக்கு, மிதி எதுவானாலும் சரி. உங்கள் அம்மாவோ தாத்தாவோ தட்டியது என்றால் இன்னும் நல்லது. தொகுப்புக்கு முதல் பத்து என்னுடையது; கோப்புகள் தயார். உங்களுடையதை அனுப்புங்கள், ஆரம்பித்துவிடலாம்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து உங்கள் ஒலிப்பதிவுக்கார அண்ணன்